மொட்டை மாடி ஏறிப் பார்க்காம டோக்கன் அட்வான்ஸ் கொடுக்காதீங்க!



ரீசேல் வீடு வாங்கப் போறவங்க எதையெல்லாம் செக் பண்றாங்கன்னு ஒரு லிஸ்ட் போட்டுப் பார்ப்போம். வில்லங்கச் சான்றிதழ், தாய்ப்பத்திரம், பட்டா, அப்ரூவ்டு பிளான், சொத்து வரி ரசீது. எல்லாத்தையும் வக்கீல்கிட்ட கொடுத்து லீகல் ஒப்பீனியன் வாங்கிடறாங்க. அப்புறம் நேர்ல போய் ஹால் எவ்வளவு பெருசு, கார் பார்க்கிங் இருக்கா, ஆபீஸ் எவ்வளவு தூரம்னு பார்க்கறாங்க. வாஸ்துவும் பார்த்துடறாங்க. மொட்டை மாடிக்கு மட்டும் பெரும்பாலும் யாரும் போறதில்லை. போனாலும் "வியூ சூப்பர்"னு ஒரு போட்டோ எடுத்துட்டு இறங்கிடறாங்க.

தனி வீடா இருந்தாலும், அபார்ட்மென்ட்ல கடைசி மாடி ஃப்ளாட்டா இருந்தாலும், உங்க சேமிப்பைச் சத்தமில்லாம கரைக்கக்கூடிய இடம் அந்தக் கூரைதான். கூரையை எப்படிப் பார்க்கணும், யாரை வச்சுப் பார்க்கணும், எப்போ பார்க்கணும், கிடைச்ச ரிப்போர்ட்டை வச்சு விலை பேசறது எப்படின்னு இந்தப் பதிவுல பார்க்கலாம். "எப்போ"ங்கறதுக்குப் பதிலை இப்பவே சொல்லிடறேன்: டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி.

முதல்ல கணக்கைப் பார்ப்போம்

உதாரணத்துக்கு வீட்டோட விலை 50 லட்சம்னு வச்சுக்கோங்க. ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல 75 லட்சம் வரைக்குமான வீட்டுக் கடனுக்கு, சொத்து மதிப்புல அதிகபட்சம் 80 சதவீதம்தான் பேங்க் கொடுக்க முடியும். அப்போ லோன் 40 லட்சம். மீதி 10 லட்சம் உங்க கைக்காசு.

அதோட முடியல. தமிழ்நாட்டுல கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ரெண்டும் சேர்த்து 4.5 லட்சம். இதுக்கு லோன் கிடைக்காது. ஆக 14.5 லட்சம் உங்க அக்கவுன்ட்ல இருந்து போகுது. புரோக்கர் கமிஷன், வக்கீல் ஃபீஸ், பேங்க் பிராசஸிங் ஃபீஸ், வீடு மாத்தற செலவு எல்லாம் தனி.

40 லட்சம் லோன், 8.5 சதவீத வட்டி, 20 வருஷம்னா இஎம்ஐ சுமார் 34,700 ரூபாய். கிரயம் முடிஞ்ச அன்னிக்கு உங்க எமர்ஜென்சி ஃபண்டு கிட்டத்தட்ட காலி.

இப்போ ஐப்பசி மழை வருது. பெட்ரூம் சீலிங்ல ஒரு மூலை ஈரமாகுது. அடுத்த மழைக்கு சொட்டுது. ஆளைக் கூப்பிட்டுக் காட்டினா, "சார், மேல பூரா பெயர்த்து எடுத்துட்டுத்தான் புதுசா போடணும், ரெண்டரை லட்சம் ஆகும்"ங்கறாரு. கையில காசில்லை, பர்சனல் லோன் எடுக்கறீங்க. 14 சதவீத வட்டி, 3 வருஷம்னா மாசம் சுமார் 8,550 ரூபாய். ரெண்டு இஎம்ஐயும் சேர்த்து மாசம் 43,000 ரூபாயைத் தாண்டிடுச்சு. 70,000 ரூபாய் சம்பளக்காரருக்கு இது பாதிக்கும் மேல.

ரிப்பேர் எல்லா வீட்டுக்கும் வரும். ஆனா கை காலியா இருக்கற முதல் வருஷத்துலயே, எதிர்பார்க்காம வந்து நிக்கறதுதான் ஆபத்து.

உங்களுக்காக யாரும் கூரையைப் பார்க்க மாட்டாங்க

"பேங்க் ஆளு வந்து பார்த்தாரே சார், லோன் சாங்ஷன் ஆயிடுச்சே"ன்னு நிறையப் பேர் நினைக்கறாங்க. பேங்க் அனுப்பற வேல்யூயர் வர்றது பேங்குக்காக. சொத்தோட சந்தை மதிப்பு என்ன, பிளான்படி கட்டியிருக்கா, கட்டடத்தோட வயசு என்னன்னு அவர் பார்ப்பாரு. நீங்க கடன் கட்டலைன்னா இதை வித்து பணத்தை எடுக்க முடியுமாங்கறதுதான் அவரோட கேள்வி. சீலிங்ல ஓதம் இருக்கான்னு தட்டிப் பார்க்கறது அவர் வேலை இல்லை. அவர் ரிப்போர்ட்டும் பல நேரம் உங்க கைக்கு வராது.

சரி, விக்கறவர் சொல்ல மாட்டாரா? சொத்து மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 55 என்ன சொல்லுதுன்னா, விக்கறவருக்குத் தெரிஞ்ச, வாங்கறவருக்குத் தெரியாத முக்கியமான குறையை அவர் சொல்லியாகணும். ஆனா அதுலயே ஒரு கொக்கி இருக்கு. வாங்கறவர் சாதாரண கவனத்தோட பார்த்திருந்தாலே கண்டுபிடிச்சிருக்கக்கூடிய குறைக்கு இது பொருந்தாது. மாடிப்படி ஏறிப் பார்த்தாலே தெரியற விரிசலை நீங்க பார்க்கலைன்னா, பிறகு சட்டம் உங்க பக்கம் நிக்கறது கஷ்டம். அவர் தெரிஞ்சே மறைச்சார்னு கோர்ட்ல நிரூபிக்கறதுக்குள்ள எத்தனை மழைக்காலம் போகும்னு யோசிச்சுக்கோங்க.

வீட்டு இன்சூரன்ஸும் இதுக்குக் கை கொடுக்காது. தீ, புயல், வெள்ளம் மாதிரி திடீர்னு வர்ற சேதத்துக்குத்தான் அது. வருஷக்கணக்கா ஊறி ஊறி வந்த ஒழுகல் தேய்மானக் கணக்குல போயிடும்.

ஒழுகல்ல ரெண்டு வகை இருக்கு

இந்த வித்தியாசம் புரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது.

நம்ம ஊர் மொட்டை மாடியில கீழ ஆர்சிசி தளம் இருக்கும். அது மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்ட ஒரு படுகை, அதுக்கு மேல தட்டோடு. இதைத்தான் வெதரிங் கோர்ஸ்னு சொல்றாங்க. வெயிலையும் மழையையும் தாங்கறது இந்த மேல் பகுதிதான்.

முதல் வகை, மேல் பகுதி மட்டும் கெட்டுப்போனது. ஓட்டு இடுக்குல சிமெண்ட் போயிருக்கும், வாட்டம் சரியில்லாம தண்ணி நிக்கும், கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்ற இடத்துல விரிசல் இருக்கும். செலவு உண்டு, ஆனா சரி பண்ணிடலாம்.

ரெண்டாவது வகை, தண்ணி உள்ள இறங்கி கம்பி வரைக்கும் போயிட்டது. கம்பி துருப்பிடிச்சா ஊதும். துரு, இரும்பைவிட ரெண்டு மூணு மடங்குக்கு மேல இடம் எடுத்துக்கும். உள்ளுக்குள்ள இருந்து அது தள்ளும்போது கான்கிரீட் வெடிச்சு, பாளம் பாளமா கீழ விழும். கடற்கரைப் பக்கத்து வீடுகள்லயும், உப்புத் தண்ணியை ஊத்திக் கட்டின வீடுகள்லயும் இது சீக்கிரமே வரும். மேல எவ்வளவு விலை உயர்ந்த வாட்டர் ப்ரூஃபிங் அடிச்சாலும் உள்ள துருப்பிடிச்ச கம்பி சரியாகாது. இது வீட்டோட ஆயுள் சம்பந்தப்பட்ட விஷயம்.

நீங்க பார்க்கப் போற வீட்டுல இருக்கறது எந்த வகைன்னு தெரிஞ்சுக்கத்தான் இன்ஸ்பெக்ஷன்.

நீங்களே பார்க்க வேண்டியது: அரை மணி நேரம்

இன்ஜினியரைக் கூப்பிடறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு ரவுண்டு பாருங்க. இதுலயே சில வீடுகள் லிஸ்ட்ல இருந்து கழிஞ்சிடும்.

மாடியில:

1. தண்ணி நின்ன தடம். கருப்பா பாசி படிஞ்ச வட்டம், வெள்ளையா உப்புப் பூத்த கோடு இருந்தா அங்க வாட்டம் இல்லைன்னு அர்த்தம். ஒரு பக்கெட் தண்ணியை ஊத்திப் பாருங்க. அது மழைநீர்க் குழாயை நோக்கி ஓடணும்.

2. தட்டிப் பார்க்கறது. ஒரு சின்னக் கல்லால ஓடுகளைத் தட்டுங்க. "டொக் டொக்"னு வெத்துச் சத்தம் வந்தா ஓடு பிடிப்பு விட்டிருக்கு.

3. கைப்பிடிச் சுவரோட அடி. சுவரும் தளமும் சேர்ற மூலையில நீளமா விரிசல் ஓடுதா? அரசங்கன்று முளைச்சிருக்கா? கன்றைப் பிடுங்கிட்டாலும் உள்ள போன வேர் திரும்பத் துளிர்க்கும். வேர் போன வழியில தண்ணி போகும்.

4. ஓட்டை போட்ட இடங்கள். டிஷ் ஆன்டெனா, ஏசி அவுட்டோர் யூனிட், சோலார் ஸ்டாண்டு, தண்ணித் தொட்டிக்குப் போற பைப். தளத்துல போல்ட் அடிச்ச ஒவ்வொரு இடமும் சந்தேகத்துக்குரியதுதான்.

5. எத்தனை அடுக்கு? பழசைப் பெயர்க்காம அது மேலயே திரும்பத் திரும்பப் போட்டிருப்பாங்க. மாடிக் கதவோட வாசப்படிக்குச் சமமா தளம் உயர்ந்து வந்திருந்தா உஷாராகுங்க. 3 இஞ்ச் கனத்துக்கு ஒரு படுகை போட்டா 1,000 சதுர அடிக்கு பத்து டன்னுக்குக் குறையாத பாரம் கூடுது. தளம் அதுக்காகக் கட்டப்பட்டதில்லை.

கீழ வந்ததும்:

1. சீலிங்கோட நாலு மூலை, ஃபேன் கொக்கியைச் சுத்தி, லைட் பாயின்ட். மஞ்சள் அல்லது பழுப்புக் கறை, உப்பல், நேர்கோட்டுல ஓடற விரிசல் இருக்கா? நேர்கோடு இருந்தா அதுக்கு மேல கம்பி இருக்குன்னு புரிஞ்சுக்கோங்க.

2. பரண் உள்ள, அலமாரிக்குப் பின்னாடி. பெயின்ட் அடிக்கறவர் பெரும்பாலும் அங்க அடிக்க மாட்டார். உண்மை நிறம் அங்கதான் தெரியும்.

3. ஒரே ஒரு ரூம்ல மட்டும் புது பெயின்ட் அல்லது ஃபால்ஸ் சீலிங். ஃபால்ஸ் சீலிங் இருந்தா ஒரு லைட்டைக் கழட்டி, மொபைல் டார்ச் அடிச்சு உள்ள பார்க்க அனுமதி கேளுங்க. "எதுக்கு தம்பி அதெல்லாம்"னு பதில் வந்தா, அதுவும் ஒரு தகவல்தான்.

4. வாடகைக்கு இருக்கறவர்கிட்ட ரெண்டு வார்த்தை. "அண்ணே, மழைக்கு எங்கயாவது பக்கெட் வைப்பீங்களா?" விக்கறவரும் புரோக்கரும் பக்கத்துல இல்லாதப்போ கேளுங்க. பக்கத்து வீட்டு அக்கா, வாட்ச்மேன் இவங்களுக்கும் தெரியும்.

வீடு பார்க்க ஏத்த காலம் அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும். வடகிழக்குப் பருவமழையில ரெண்டு நாள் நல்லா பெய்ஞ்ச பிறகு போய்ப் பாருங்க. ஏப்ரல், மே மாசத்துல எல்லா வீடும் காய்ஞ்சு அழகாத்தான் இருக்கும்.

இன்ஜினியர் என்ன செய்வார்?

உங்க ரவுண்டுல வீடு தேறிடுச்சு, பத்திரமும் ஓகே, வாங்கலாம்னு தோணுதுன்னா அப்போ ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிட்டுப் போங்க. சிஎம்டிஏ, மாநகராட்சி மாதிரியான இடங்கள்ல பதிவு பண்ணின ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்கள் இருக்காங்க. பெரிய ஊர்கள்ல வீடு இன்ஸ்பெக்ஷனுக்குன்னே கம்பெனிகளும் இருக்கு. ரெண்டு விஷயத்துல கவனமா இருங்க. புரோக்கர் சொல்ற ஆள் வேண்டாம். வாட்டர் ப்ரூஃபிங் விக்கற கம்பெனியோட "ஃப்ரீ இன்ஸ்பெக்ஷன்" போதாது, அவங்களுக்கு வேலை கிடைக்கணுமே!

அவர் சுத்தியலால சீலிங்கைத் தட்டிப் பார்ப்பார், ஈரப்பதம் அளக்கற மீட்டர் வச்சுப் பார்ப்பார். தேவைப்பட்டா ரீபவுண்டு ஹேமர், அல்ட்ராசோனிக் டெஸ்ட் மூலமா கான்கிரீட்டோட தரத்தை உடைக்காமலே பார்க்கலாம். வெயில் காலமா இருந்தா, குழாய் வாயை அடைச்சு மாடியில தண்ணி கட்டி 24 மணி நேரத்துக்கு மேல விட்டுப் பார்க்கற பாண்டிங் டெஸ்டும் உண்டு. இதை நீங்களா செய்யாதீங்க. 1,000 சதுர அடியில ஒரு இஞ்ச் தண்ணி நின்னாலே 2,300 கிலோவுக்கு மேல. பலவீனமான தளத்துக்கு அது ஆபத்து. வீட்டுக்காரர் அனுமதியும், இன்ஜினியர் ஓகே சொல்றதும் அவசியம்.

கட்டணம் ஊருக்கு ஊர், டெஸ்டுக்கு டெஸ்ட் மாறும். 10,000 ரூபாய்னே வச்சுக்கோங்க. 50 லட்சத்துல அது 0.2 சதவீதம். ஒரு மொபைல் வாங்க பத்து ரிவ்யூ வீடியோ பார்க்கற நாம, வீட்டுக்கு இதைச் செய்யத் தயங்கக் கூடாது.

வாய்மொழியா "பரவால்ல சார்"னு சொல்றதை வாங்கிட்டு வராதீங்க. எழுத்துல மூணு கேள்விக்குப் பதில் கேளுங்க: பிரச்சினை மேல் பகுதியிலயா, கம்பியிலயா? சரி பண்ண என்னென்ன வேலை, எத்தனை சதுர அடி? அந்த வேலை முடிஞ்சா எத்தனை வருஷம் கவலையில்லாம இருக்கலாம்?

கடைசி மாடி ஃப்ளாட் வாங்கறீங்களா?

அபார்ட்மென்ட்ல மொட்டை மாடி பொதுவா எல்லாருக்கும் பொதுவான இடம். ஒழுகறது உங்க வீட்டுல, ஆனா ரிப்பேர் பண்ண வேண்டியது அசோசியேஷன். கிரவுண்ட் ஃப்ளோர்காரர் "எங்க வீட்டுல ஒழுகலையே"ன்னுதான் பேசுவார். அதனால இங்க கூரையோட சேர்த்து அசோசியேஷனையும் இன்ஸ்பெக்ட் பண்ணணும். கார்பஸ் ஃபண்டுல எவ்வளவு இருக்கு? கடைசியா எப்போ வாட்டர் ப்ரூஃபிங் பண்ணாங்க? மீட்டிங் மினிட்ஸ்ல ஒழுகல் பேச்சு வந்திருக்கா? செக்ரட்டரி இதையெல்லாம் காட்டத் தயங்கினா யோசிங்க.

பில்டர்கிட்ட இருந்து புது ஃப்ளாட் வாங்கறவங்களுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கு. ரெரா சட்டம் பிரிவு 14(3) படி, சாவி கையில கொடுத்த நாள்ல இருந்து 5 வருஷத்துக்குள்ள கட்டுமானக் குறையோ வேலைத் தரக் குறைவோ தெரிஞ்சு நீங்க சொன்னா, பில்டர் 30 நாளுக்குள்ள இலவசமா சரி பண்ணித் தரணும். மெயில்ல, தேதியோட, போட்டோவோட சொல்லுங்க. தனிநபர்கிட்ட ரீசேல்ல வாங்கறப்போ விக்கறவர் மேல இந்தப் பொறுப்பு வராது.

ரிப்போர்ட்டை விலையா மாத்தறது எப்படி?

பலர் கோட்டை விடறது இங்கதான். "ரெண்டரை லட்சம் ரிப்பேர் இருக்கு, விலையில ரெண்டரை லட்சம் குறைச்சுக்கோங்க"ன்னு பேசி ஜெயிச்சுட்டு வந்துடறாங்க. நல்ல விஷயம்தான், ஆனா கணக்கைப் பாருங்க.

விலை 47.5 லட்சமா குறைஞ்சா, 80 சதவீத லோனும் 38 லட்சமா குறையும். இஎம்ஐ சுமார் 1,700 ரூபாய் குறையுது. உங்க கைக்காசுல மிச்சமாகறது 50,000 ரூபாயும், பத்திரச் செலவுல 22,500 ரூபாயும்தான். மொத்தம் 72,500. ரிப்பேருக்குத் தேவை ரெண்டரை லட்சம் ரொக்கம். மீதி 1.77 லட்சத்துக்கு எங்க போவீங்க? விலைக் குறைப்போட பெரும்பகுதி உங்க பாக்கெட்டுக்கு வராம, லோன் அக்கவுன்ட்டுக்குள்ள போயிடுது.

அதனால மூணு வழியையும் மேஜையில வச்சுப் பேசுங்க.

ஒண்ணு, விக்கறவரே கிரயத்துக்கு முன்னாடி சரி பண்ணிக் கொடுக்கறது. இன்ஜினியர் ரிப்போர்ட்ல உள்ள வேலைகளை அப்படியே சேல் அக்ரிமென்ட்ல எழுதணும். வேலை முடிஞ்சதும் உங்க இன்ஜினியர் பார்த்து ஓகே சொல்லணும். வாட்டர் ப்ரூஃபிங் வாரன்டி உங்க பேருக்கு மாறணும். இல்லைன்னா ஒரு கோட் பெயின்ட் அடிச்சுட்டு "முடிஞ்சுது தம்பி"ன்னுடுவாங்க.

ரெண்டு, விலையைக் குறைக்கறது. ஆனா மீதி ரொக்கத்துக்கு முன்கூட்டியே வழி பண்ணி வச்சுட்டு. பேங்க்ல ஹோம் இம்ப்ரூவ்மென்ட் லோன் கிடைக்குமான்னு வீட்டுக் கடன் பேசும்போதே கேளுங்க. பர்சனல் லோனைவிடப் பெரும்பாலும் வட்டி குறைவு.

மூணு, விலகிடறது. கம்பி துருப்பிடிச்சு பல இடங்கள்ல தளம் வெடிச்சிருக்குன்னு ரிப்போர்ட் வந்தா, தனி வீட்டுக்கு மனை விலையை மட்டும் கணக்குப் போட்டுப் பேசுங்க. ஒத்துவரலைன்னா நன்றி சொல்லிட்டு வந்துடுங்க. ஃப்ளாட்டா இருந்தா இன்னும் கவனம், ஏன்னா அங்க நீங்க மட்டும் தனியா எதையும் இடிச்சுக் கட்ட முடியாது.

இந்த மூணுக்கும் உங்களுக்கு பலம் இருக்கறது அட்வான்ஸ் கொடுக்கற வரைக்கும்தான். "வேற பார்ட்டி ரெடியா இருக்காங்க சார், இன்னிக்கே டோக்கன் போட்டுடுங்க"ன்னு புரோக்கர் அவசரப்படுத்துவார். "இன்ஜினியர் பார்த்துட்டா நாளைக்கே தர்றேன் அண்ணே"ன்னு சொல்லுங்க. கட்டாயம் டோக்கன் கொடுத்தாகணும்னா, சின்னத் தொகையா, அக்கவுன்ட் டிரான்ஸ்ஃபரா கொடுங்க. இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் திருப்தி இல்லைன்னா முழுசா திருப்பித் தரணும்னு எழுதி வாங்கிக்கோங்க.

சுருக்கமா

வக்கீல் பத்திரத்தைப் பார்த்துக்குவார், பேங்க் தன்னோட பணத்தைப் பார்த்துக்கும். கூரையைப் பார்க்க வேண்டியது நீங்க. அரை மணி நேரம் உங்க கண்ணால, அரை நாள் ஒரு இன்ஜினியரோட கண்ணால. அதுக்கப்புறம் வாங்கறதா வேண்டாமான்னு தைரியமா முடிவெடுங்க. இன்னொண்ணு, நல்ல ரிப்போர்ட் வந்தாலும் மூணு மாச இஎம்ஐக்குச் சமமான தொகையைக் கிரயத்துக்குச் செலவு பண்ணாம தனியா எடுத்து வச்சுக்கோங்க. முதல் மழைக்காலத்தைத் தாண்டற வரைக்கும் அதைத் தொடாதீங்க.

வீடு தேடிட்டு இருக்கற உங்க ஃப்ரெண்டுக்கு இந்தப் பதிவை இப்பவே அனுப்பி விடுங்க. அவர் டோக்கன் கொடுக்கறதுக்கு முன்னாடி படிச்சாத்தான் பிரயோஜனம். சேல் அக்ரிமென்ட்ல கட்டாயம் இருக்க வேண்டிய வரிகளைப் பத்தி அடுத்த பதிவுல பார்க்கலாம்.